உப்புக் காற்றில் நிற்க வேண்டிய பொருளுக்கு எந்தத் திரவியம்? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் கிடைத்த கடிதங்களுள் ஐந்தை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு தொழில் செய்பவர்கள் எழுதியவை என்றாலும், ஒரு பொருளைச் செய்யத் தொடங்கும்போது அதற்குரிய திரவியத்தை எப்படித் தெரிவது என்பதையே எல்லாக் கடிதங்களும் கேட்கின்றன. முதற் கடிதத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அதில் கேட்கப்பட்டது, யாழ்ப்பாணக் குடாநாட்டில் உலோக வேலை செய்யும் அனைவரையும் வருத்துகின்ற விடயம்.

கேள்வி: ஐயா, நான் குருநகரில் சிறிய வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். மீன் விற்பவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து கொடுப்பதே முக்கிய வேலை. ஜி.ஐ. குழாயில் சட்டம் அமைத்து, மேலே தகட்டில் தட்டு வைக்கிறேன். இரண்டு வருடம் முடிவதற்குள் வெல்டிங் பிடித்த இடங்களில் துரு ஏறிவிடுகிறது. குழாயின் நடுப்பகுதி நன்றாக இருக்க, மூட்டுக் கழன்று வந்த வண்டிகளும் உண்டு. முழுவதையும் ஸ்ரெயின்லெஸ்ஸில் செய்தால் இது தீருமா? கடையில் இரண்டு விலையில் ஸ்ரெயின்லெஸ் குழாய் இருக்கிறது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்லது என்கிறார்கள். அதை நம்பலாமா?

பதில்: குறை எங்கே தொடங்குகிறது என்பதை நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள். குழாய் நடுவில் நன்றாக இருந்து மூட்டில் மட்டும் கெடுகிறதென்றால், கெடுவதற்கான காரணம் குழாயை இணைத்த முறையிலேயே இருக்கிறது. ஜி.ஐ. குழாயின் மேலிருப்பது நாகப்பூச்சு, அதாவது துத்தநாகம் என்ற உலோகத்தின் பூச்சு. நாகம் 419 பாகை செல்சியசில் உருகி, 907 பாகையில் ஆவியாகிவிடும். உருக்கு உருகுவதற்கோ ஏறத்தாழ 1500 பாகை வெப்பம் வேண்டும். ஆகவே இரண்டு குழாய்களை நீங்கள் வெல்டிங்கால் இணைக்கும்போது, மூட்டைச் சுற்றியுள்ள நாகம் வெண்புகையாக எழுந்து போய்விடுகிறது. வண்டி பட்டறையை விட்டுப் புறப்படும்போதே, அதிக பாரம் தாங்க வேண்டிய இடம் வெறும் உருக்காக நிற்கிறது. அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் போல உடல் நடுங்கும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெல்டிங் பிடிப்பதற்கு முன்னர் மூட்டுப் பகுதியின் நாகத்தை அராவி எடுத்துவிட்டு, காற்றோட்டமுள்ள இடத்திலேயே வேலை செய்யுங்கள்.

குருநகரின் காற்றைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சோளகம் பெயரும் மாதங்களில் கடற்காற்றோடு வரும் உப்பு, எல்லாப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால், அந்த உப்பு காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். எங்கள் இரவுகளில் இந்த அளவு தாண்டுவது வழமை. எனவே மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் வண்டி இரவு முழுவதும் உப்புநீரில் நனைந்தபடிதான் நிற்கிறது. அதோடு பகல் முழுவதும் மீனிலிருந்தும் பனிக்கட்டியிலிருந்தும் வடியும் நீரும் சேர்கிறது. உள்நாட்டு ஊரொன்றில் 10 வருடம் நிற்கக்கூடிய ஒரு சட்டம் இங்கே ஏன் நிற்பதில்லை என்பதற்கு இதுவே விடை.

சட்டத்துக்கு ஜி.ஐ. குழாயையே தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. செய்து முடித்த சட்டத்தை முழுதாக உருகிய நாகத்தில் தோய்த்தெடுக்கும் வசதி உங்களுக்கு எட்டுமானால், பூசாத கறுப்புக் குழாயில் சட்டத்தைச் செய்து, அதன் பின்னர் தோய்ப்பிப்பதே மிகச் சிறந்த வழி. மூட்டும் குழாயின் உட்புறமும் ஒரேயளவாகப் பூச்சுப் பெறும். அப்படிச் செய்வதானால் இரு முனையும் அடைபட்ட குழாய் ஒன்றுகூட இருக்கக்கூடாது. நாகக் குளியல் ஏறத்தாழ 450 பாகையில் இருப்பதால், உள்ளே அகப்பட்ட சிறிதளவு ஈரமும் ஆவியாகிக் குழாயை வெடிக்கச் செய்யும். காற்றும் நாகமும் போய்வர ஒவ்வொரு குழாயிலும் துளையிட வேண்டும். அந்த வசதி கிடைக்காவிட்டால் இப்போது செய்வது போலவே செய்து, மூட்டுகளைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகத் தேய்த்து, நாகத்தூள் செறிந்த பூச்சை இரண்டு தடவை பூசுங்கள். வெள்ளி நிறப் பூச்சு எல்லாம் நாகப்பூச்சு ஆகிவிடாது. பேணியின் மேல் நாகம் என்று எழுதியிருக்கிறதா என்று வாசித்து வாங்குங்கள். நாகம் ஒரு போர்வையாக மூடுவதோடு நின்றுவிடுவதில்லை. கீறல் விழுந்த இடத்தில் உருக்குக்கு முன்னதாகத் தான் கரைந்து உருக்கைக் காக்கிறது. சாதாரண அலுமினிய நிறப் பூச்சு அவ்வாறு காப்பதில்லை.

இனி, ஸ்ரெயின்லெஸ். கறையில் உருக்கு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் இந்தத் திரவியம் ஒன்றல்ல, பல. குரோமியம் ஏறத்தாழ 10.5 வீதத்துக்கு மேல் சேர்ந்தால், உருக்கின் மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் தானாகவே உருவாகி அதைக் காக்கும். கடைகளில் அதிகம் கிடைக்கும் 304 என்ற வகையில் குரோமியம் ஏறத்தாழ 18 வீதமும் நிக்கல் 8 வீதமும் உண்டு. மலிவான 201 என்ற வகையில் விலை கூடிய நிக்கலின் பெரும்பகுதியைக் குறைத்து மங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். காந்தம் இவ்விரண்டிலும் ஒட்டாது. ஆகவே காந்தச் சோதனையால் நீங்கள் விலக்கக்கூடியது நிக்கல் இல்லாத 430 போன்ற வகைகளை மட்டுமே; 201 எது, 304 எது என்று பிரித்தறிய அது உதவாது. உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு விலைகளும் பெரும்பாலும் இந்த இரண்டு வகைகளுக்கு உரியவையாக இருக்கும். குழாயில் வகை எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரிடம் பற்றுச்சீட்டில் எண்ணை எழுதித் தரும்படி கேளுங்கள். 201 வகையில் செய்த வண்டி கடற்கரையில் விரைவிலேயே தேயிலைக் கறை போன்ற புள்ளிகளைக் காட்டும். 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேர்ந்த 316 வகை உப்பை நன்றாகத் தாங்கும். படகுப் பொருத்துகளுக்கு அது ஏற்றது. ஆனால் மீன் வண்டியின் சட்டத்துக்கு அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

மீன் நேரே படுகின்ற தட்டுக்கு மட்டும் 304 தகட்டைப் பயன்படுத்துங்கள். அங்கே துப்புரவு முதன்மையானது. பூச்சு உரிந்து மீனோடு சேர இடமிருக்கக் கூடாது. மூலைகளைக் கூராக மடிக்காமல் வளைவாக மடித்து, நீர் ஒரு பக்கமாக வடியும்படி சாய்வு கொடுங்கள். வெல்டிங் பிடித்தபின் நீலமும் கபிலமுமாகத் தெரியும் நிறத்தைத் தேய்த்து எடுக்காவிட்டால், அவ்விடத்தில் படலம் பலவீனமாகவே இருக்கும். சாதாரண இரும்பை அராவிய அதே அராவுச் சில்லை ஸ்ரெயின்லெஸ்ஸிலும் பிடிக்காதீர்கள். இரும்புத் துகள் ஒட்டி, மறுவாரமே துருவாகத் தெரியும். "ஸ்ரெயின்லெஸ்ஸும் துருப்பிடிக்கிறது" என்று வருகின்ற முறைப்பாடுகளில் பல இதனால் எழுபவை. தட்டைச் சட்டத்தில் பொருத்தும் இடத்தில் இரண்டு உலோகங்களும் நேரே தொடாமல் இடையே பிளாஸ்ரிக் பட்டி ஒன்றை வையுங்கள். அதற்கான காரணத்தை இந்தப் பகுதியின் இறுதிக் கடிதத்தில் காண்பீர்கள். அது என் சொந்தப் பிழை ஒன்றோடும் சம்பந்தப்பட்டது.

வண்டியை வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: வேலை முடிந்ததும் கிணற்றுநீர் இரண்டு வாளி ஊற்றிக் கழுவ வேண்டும். உப்பைக் கழுவினால் 304 பல வருடம் நிற்கும்; கழுவாவிட்டால் 316கூட இடுக்குகளில் குழி விழத் தொடங்கும்.

கேள்வி: நான் சாவகச்சேரியில் உயர்தரத்தில் பொறியியற் தொழினுட்பவியல் படிக்கும் மாணவி. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பறிப்பதற்கு ஒருவர் தனியே தூக்கிச் செல்லக்கூடிய ஏணியைச் செயற்றிட்டமாக வடிவமைக்கிறேன். அலுமினியத்தின் அடர்த்தி உருக்கினதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு என்பதால், அலுமினியத்தில் செய்தால் ஏணியின் பாரமும் மூன்றிலொரு பங்காகிவிடும் என்று எழுதியிருந்தேன். ஆசிரியை அது பிழை என்கிறார். எங்கே பிழை?

பதில்: ஆசிரியை சொல்வது சரி. நீங்கள் அடர்த்தியைப் பார்த்தீர்கள், விறைப்பைப் பார்க்கவில்லை. உருக்கின் அடர்த்தி நீரைப் போல 7.85 மடங்கு, அலுமினியத்தினது 2.7 மடங்கு என்பது உண்மை. ஆனால் விறைப்பை அளக்கும் யங்கின் மட்டு உருக்குக்கு ஏறத்தாழ 200 கிகாபஸ்கால், அலுமினியத்தினது 70 மட்டுமே. அதே தடிப்பில் அலுமினியத்தைப் போட்டால் ஏணி கிட்டத்தட்ட மூன்று மடங்கு வளையும். வளைவைக் குறைக்கத் தடிப்பைக் கூட்ட வேண்டும், அப்போது பாரமும் கூடும்.

எவ்வளவு கூடும் என்பது அந்தத் துண்டு எந்த வகையில் சுமை தாங்குகிறது என்பதைப் பொறுத்தது. இதைத்தான் நீங்கள் செயற்றிட்ட அறிக்கையில் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு கம்பியை நேரே இழுக்கும்போது அதன் நீட்சியை ஒரேயளவாக வைத்திருக்க வேண்டுமானால், அலுமினியத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு 2.86 மடங்காக வேண்டும். பெருக்கிப் பார்த்தால் இரண்டு கம்பிகளும் ஏறத்தாழ ஒரே பாரம். அங்கே அலுமினியத்தால் எந்த நயமும் இல்லை. ஏணியின் நெடுங்காலோ வளைவைத் தாங்குவது. சதுரக் குறுக்குவெட்டுள்ள திண்மத் துண்டொன்றின் விறைப்பு பரப்பின் வர்க்கத்தோடு கூடுவதால், பரப்பை 1.69 மடங்காக்கினால் போதும். அப்போது அலுமினியக் காலின் பாரம் உருக்குக் காலினதில் ஏறத்தாழ 58 வீதம். இதே கணக்கைத் தேக்குக்குச் செய்து பாருங்கள். மட்டு 12 கிகாபஸ்கால், அடர்த்தி 0.65 என்று எடுத்தால், தேக்குக் காலின் பாரம் உருக்கினதில் மூன்றிலொரு பங்களவே வருகிறது. நீங்கள் அலுமினியத்திடம் எதிர்பார்த்த இலக்கத்தை மரம் தருகிறது.

குழாயாகச் செய்யும்போது கணக்கு மீண்டும் மாறும். சுவரின் தடிப்பை மாற்றாமல் மெல்லிய குழாயின் விட்டத்தை இரட்டித்தால், பாரம் இரண்டு மடங்காக, விறைப்பு எட்டு மடங்காகிறது. மரத்தைக் குழாயாக்குவது எளிதன்று, அலுமினியத்தை எளிதாகக் குழாயாக்கலாம். கடையில் காணும் ஏணிகள் அலுமினியமாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம். எங்கள் பனை இந்த வேலையைத் தானாகவே செய்திருக்கிறது. பனந்தண்டில் வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது. நடுப்பகுதி மென்மையான சோறு. காற்றில் வளையும் தண்டுக்கு எங்கே வலிமை வேண்டுமோ அங்கேதான் நார் நெருங்கியிருக்கிறது. கிணற்றுத் துலாவுக்குப் பனையைத் தெரிந்தவர்கள் வாளிக்குப் பனை ஓலைப் பட்டையைத் தெரிந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். துலா வளையக்கூடாது, பட்டை பாரமற்றதாகவும் கிணற்றுக் கட்டில் மோதினால் உடையாததாகவும் இருக்க வேண்டும். ஒரே மரத்தின் இரண்டு பகுதிகள், இரண்டு வேலைகள்.

கணக்கில் வராத இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வளவுகளில் மாமரக் கிளைகளுக்கு ஊடாக மின்கம்பி போகும் இடங்கள் ஏராளம். அலுமினியம் மின்னைக் கடத்தும். உலர்ந்த மரமும் பைபர்கிளாஸும் மிகக் குறைவாகவே கடத்தும். இந்த ஒரு காரணத்துக்காகவே, தங்கையே, உங்கள் ஏணியின் நெடுங்கால்களை நான் அலுமினியத்தில் செய்யமாட்டேன். படிகளை வேண்டுமானால் அலுமினியக் குழாயில் வைக்கலாம்.

கேள்வி: சுன்னாகத்தில் நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து எலுமிச்சை ஊறுகாயும் பனங்கட்டியும் செய்து விற்கிறோம். ஊறுகாய்ப் போத்தல்களின் தகர மூடி உள்ளே துருப்பிடிக்கிறது. பிளாஸ்ரிக் போத்தலுக்கு மாறியபோது, சுடச்சுட ஊற்றியதும் அது கோணிவிட்டது. பனங்கட்டிக் குட்டான் வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கசிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: புளிப்பும் உப்பும் ஒன்றாகச் சேர்ந்த உணவைப் போல உலோகத்தைச் சோதிப்பது வேறில்லை. தகர மூடியின் உட்புறத்திலுள்ள பூச்சில் ஊசி நுனியளவு வெடிப்பு இருந்தாலும் அங்கிருந்து துரு தொடங்கும். கண்ணாடிப் போத்தலையே வைத்துக்கொள்ளுங்கள். மூடியை மட்டும் பொலிபுறொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக்குக்கு மாற்றுங்கள். கண்ணாடி திடீர் வெப்ப மாற்றத்தில் வெடிக்கும் என்பதால், ஊற்றுவதற்கு முன் போத்தலை வெந்நீரில் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

கோணிய போத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துள் 1 என்ற இலக்கம் இருக்கும் என்று எண்ணுகிறேன். அந்தத் திரவியம் ஏறத்தாழ 70 பாகையிலேயே இளகத் தொடங்கும். சோடாவுக்கு நல்லது, சூடான ஊறுகாய்க்கு உதவாது. பிளாஸ்ரிக்தான் வேண்டுமென்றால் 5 என்ற இலக்கமுள்ளதை, அதாவது பொலிபுறொப்பிலீனைத் தெரியுங்கள். அது உருகுவது ஏறத்தாழ 160 பாகையில். ஊறுகாய் செய்யும் பாத்திரம் அலுமினியமாக இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பித்தளைப் பாத்திரமானால் வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பூசுபவர் வெள்ளீயத்துக்குப் பதிலாகக் காரீயம் கலந்ததைப் பூசிவிடக் கூடாது என்பதில் மிகக் கவனமாக இருங்கள். எங்கள் பேச்சில் இரண்டும் "ஈயம்" என்றே வழங்குவதால் இந்தத் தவறு எளிதில் நேரும். காரீயம் நஞ்சு, குழந்தைகளை அதிகம் பாதிக்கும்.

குட்டானை மாற்ற வேண்டாம். ஓலை காற்றை விடுவதால் வெயில் காலத்தில் பனங்கட்டி அதனுள் உலர்ந்து நன்றாக இருக்கும். மாரியில் அதே காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கசியச் செய்யும். குட்டானை நன்றாக உலர்த்தி, வெளியே பொலித்தீன் உறையிட்டு, வெப்பத்தால் முத்திரையிட்டு அனுப்புங்கள். வாங்குபவர் கையில் எடுக்கும்போது ஓலையும் தெரியும்.

கேள்வி: கரவெட்டியிலிருந்து எழுதுகிறேன். முற்றத்தில் போட்ட நிறப் பிளாஸ்ரிக் கதிரை ஒரே வருடத்தில் வெளிறி வெடித்துவிட்டது. கூரைமேல் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி பல வருடமாக அப்படியே இருக்கிறது. இரண்டும் பிளாஸ்ரிக்தானே?

பதில்: சூரிய ஒளியின் ஊதாக் கடந்த கதிர்கள் பிளாஸ்ரிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. கதிரைகளைச் செய்யும் பொலிபுறொப்பிலீன் இதில் மிகவும் பலவீனமானது. தாங்கி பொலிஎதிலீன், அதோடு அதன் கறுப்பு நிறம் நுண்ணிய காபன் கரியால் வந்தது. 2 முதல் 2.5 வீதக் கரி நன்றாகக் கலந்திருந்தால் அது கதிர்களை மேற்பரப்பிலேயே உறிஞ்சிவிடும். வெளியில் வைக்கும் பொருளை நீங்கள் வடிவமைப்பதானால் கறுப்பைத் தெரியுங்கள். அல்லது கதிர்த் தடுப்பான் சேர்த்த பிளாஸ்ரிக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஐயா, சென்ற இதழில் அலுமினிய யன்னல் சட்டங்களுக்குப் பித்தளைத் திருகாணி நல்லது, அது துருப்பிடிக்காது என்று எழுதியிருந்தீர்கள். வேலணையில் கடற்கரை வீட்டில் சில வருடங்களுக்கு முன் அப்படித்தான் செய்தோம். திருகாணிகள் புதிதுபோல இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிர்ந்து, சட்டம் ஆடுகிறது.

பதில்: நான் எழுதியது பிழை. திருகாணி மட்டும் கெடாமல் இருக்குமா என்று எண்ணிப் பதில் எழுதினேன். அது எதனோடு சேர்ந்து இருக்கப்போகிறது என்று எண்ணவில்லை. சென்ற இதழின் அந்தப் பதிலை நம்பி யாராவது யன்னல் செய்திருந்தால் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டபடி உப்புநீரில் நனையும்போது அங்கே ஒரு மின்கலம் உண்டாகிறது. நாகம், அலுமினியம், உருக்கு, பித்தளை, ஸ்ரெயின்லெஸ் என்ற வரிசையில் முன்னால் நிற்பது கரைந்து பின்னால் நிற்பதைக் காக்கும். உங்கள் யன்னலில் அலுமினியம் கரைந்து பித்தளையைக் காத்திருக்கிறது. பரப்பும் இதில் முக்கியமானது. கரையும் உலோகம் சிறியதாகவும் காக்கப்படும் உலோகம் பெரியதாகவும் இருந்தால் கேடு மிக விரைவு. ஸ்ரெயின்லெஸ் தகட்டில் சாதாரண இரும்பாணி அடித்தால் அந்த ஆணி சில மாதங்களில் மறைந்துவிடும். மறுதலையாக, பெரிய அலுமினியச் சட்டத்தில் சிறிய ஸ்ரெயின்லெஸ் திருகாணி என்றால் கேடு மெதுவாகவே நடக்கும். ஆனாலும் கடற்கரையில் அதையும் காப்பின்றி விடக்கூடாது.

உங்கள் சட்டத்தில் உதிர்ந்த பகுதியைத் தேய்த்துத் தூய்மையாக்கி, பழைய துளைக்கு அருகில் நல்ல உலோகம் உள்ள இடத்தில் புதிய துளையிடுங்கள். 316 வகைத் திருகாணியைப் பயன்படுத்துங்கள். தலைக்குக் கீழே நைலோன் வாசரும், திருகாணியின் தண்டைச் சுற்றி நைலோன் குழாய்த் துண்டும் வைத்து, இறுக்குவதற்கு முன் துளையில் சிலிக்கன் பசையை நிரப்புங்கள். நீர் புகாவிட்டால் மின்கலமும் இல்லை. கடலைப் பார்த்த பக்கத்து யன்னல்களை முதலில் செய்யுங்கள். வாடை தொடங்குவதற்கு முன் முடிப்பது நல்லது.